அப்பா போட்ட கோடு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் நலமாக நடமாடுகிறோம் என்பது எழுதாமலே உனக்குத் தெரியும், பின்னறையில் நீ வைத்துவிட்டுப் போன நிலநடுக்கக் கருவி எங்கள் காலடியை எல்லாம் உனக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறதே. உன் நலத்தை அறியத்தான் எங்களுக்கு அப்படி ஒரு கருவி இல்லை. உன் அக்கா மகன் நடக்கப் பழகிவிட்டான், ஞாயிற்றுக்கிழமை வருகிறான், குட்டிக் குட்டியாக ஏதாவது அதிர்வு வந்தால் அவன்தான்.

போன வாரம் போனில் நீ சொன்னது மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. நீ ஆராய்கிற எரிமலையின் சரிவில் பாறையும் சாம்பலும் சரிந்து இறங்குவதை யாரும் பார்க்காவிட்டாலும், தரையில் பதிவாகும் அதிர்வை வைத்தே அடியில் எவ்வளவு உராய்வு இருந்தது என்று கணக்குப் போடலாம் என்றாயே, அது எப்படி முடியும் என்று எனக்கு ஒரே குறுகுறுப்பு. உன் அப்பாவைக் கிளப்பி, உன் பழைய புத்தகங்கள் இருக்கும் இரும்புப் பெட்டியைத் தள்ளிப் பார்த்தோம். அசைவேனா என்றது. அடியில் சோப்புத் தண்ணீர் ஊற்றலாம் என்பது என் யோசனை. இங்கேதான் வந்து நிற்கும் என்று அப்பா சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அதற்கு அந்தப் பக்கம் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார், அங்கே பத்திரமாக இருக்குமாம்! இருவரும் மூச்சைப் பிடித்துத் தள்ளினோம். பெட்டி கோட்டையும் கண்ணாடியையும் தாண்டிப் போய்க் கதவில் முட்டியது. நான் சிரித்து முடிப்பதற்குள் உன் போன், பின்னறையில என்னத்தைம்மா இழுக்கிறீங்க, முதல்ல தரதரன்னு வந்துது, அப்புறம் வழுக்கிட்டுப் போயிருக்கே என்று. இனிமே இந்த வீட்ல திருட்டுத்தனமா சர்க்கரை டப்பா பக்கம்கூடப் போக முடியாது போலிருக்கே என்று அப்பா அலுத்துக்கொண்டார்.

சிரிப்பெல்லாம் அடங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. சரிவு பெரிதாக இருந்தால் உராய்வு குறைந்துபோய் நினைத்ததைவிட வெகுதூரம் ஓடிவிடும் என்று நீயே சொன்னாய். அந்த மலையடியில்தான் நீ தங்கியிருக்கிறாய். சரிவு எதுவரை வரும் என்று நீங்களும் வரைபடத்தில் ஒரு கோடு போட்டிருப்பீர்கள். உன் அறை அதற்கு உள்ளேயா வெளியேயா என்பதை மட்டும் நீ சொல்லவே இல்லை, நானும் கேட்கவில்லை, இப்போது பயமாக இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்ல மாட்டேன், அந்த மலை என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் படுக்கிற இடம் கோட்டுக்கு நன்றாகத் தள்ளியே இருக்கட்டும். ஈர சாக்ஸோடு மலையில் அலையாதே.

தினமும் காலையில் கருவிக்குப் பக்கத்தில் நின்று காலால் மூன்று தட்டு தட்டுகிறேன், அதை என் ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொள். நீ அங்கிருந்து தட்டினால் எனக்குக் கேட்காது, அதனால் மறக்காமல் பதில் போடு. வெளியே என்றால் ஒரு வரி போதும். உள்ளே என்றால் எழுதிக்கொண்டு உட்காராதே, கிளம்பு.

உன்
அம்மா