செஞ்சி வாள் என்று நீ நம்பிய அந்த வாளைப் பற்றி

எனக்கு முன்னால் பிறந்து, எனக்கு முன்னாலேயே கிளம்பியும் விட்ட அண்ணா,

அங்கே எப்படி இருக்கிறாய் என்று கேட்க மாட்டேன். கேட்டாலும் நீ என்ன பதிலா போடப்போகிறாய்? இருந்தபோதே நான் சொல்வதற்குப் பாதிக் காதுதான் கொடுப்பாய். இன்றைக்கு முழுசாகக் கேள். கோபமாக இருக்கிறேன். அந்தக் கல்லூரி சார் மேல் கொஞ்சம், உன் மேல் நிறைய. என் மேலும் இருக்கிறது. அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வருவதற்குள் மற்றதைச் சொல்லிவிடுகிறேன்.

திண்டிவனம் வீட்டில் உன் பின்னறை காலியாகிவிட்டது. நாற்பத்திரண்டு உருப்படியும் இப்போது விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் இருக்கின்றன. நம் கலைவாணி அங்கேதான் படிக்கிறாள். என் பேத்தி என்பதற்காகச் சொல்லவில்லை, அவள் வாய் சும்மா இருக்காது. எங்கள் ஆயா வீட்டில் பெரிய தாத்தா சேர்த்த வாள், ஈட்டி, கத்தி எல்லாம் சும்மா கிடக்கிறது என்று வரலாறு எடுக்கிற சாரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். அவர் வந்து பார்த்தார். அசந்துபோனார். கல்லூரியில் ஒரு அறையையே ஒதுக்கிக் கண்ணாடிப் பெட்டி எல்லாம் செய்துவிட்டார்கள். வாசலில் உன் பெயர் போடுகிறார்கள். வெள்ளிக்கிழமை திறப்பு விழா.

இதில் கோபப்பட என்ன இருக்கிறது என்று கேட்பாய். சொல்கிறேன்.

நாற்பது வருஷம் ஊர் ஊராகக் கரண்ட் கணக்கு எடுக்கப் போனாய். மீட்டரைப் பார்க்கிற சாக்கில் எல்லார் வீட்டு மூலையையும் பார்த்தாய். ஒரு வீட்டில் ஈட்டியைக் குறுக்கே கட்டிப் புடவை காயப்போட்டிருந்தார்கள். இன்னொரு வீட்டில் மாட்டுக்கொட்டாய்க் கதவுக்கு ஒரு பட்டாக்கத்தியைத் தாழ்ப்பாளாகச் செருகியிருந்தார்கள். நீ புது அருவாமனை ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டு அந்தப் பழைய ஈட்டியையோ கத்தியையோ வாங்கிவருவாய். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் புது அருவாமனை கொடுத்த நீ, உன் தங்கச்சி மழுங்கிப்போன அருவாமனையில் பூசணிக்காயோடு மல்லுக்கட்டியதைப் பார்த்ததே இல்லை.

எதை எங்கே வாங்கினாய் என்று ஒரு டைரியில் எழுதினாய். ஊர் பெயர், யார் வீடு, அன்றைக்கு என்ன சாப்பிட்டாய் என்பதுகூட இருக்கிறது. அது எதற்கு உதவியது, எத்தனை காலம் பழசு என்பது மட்டும் இல்லை. அதெல்லாம் உன் விரலில்தான் இருந்தது. ஈட்டியின் குழலைத் தடவி, இரும்பை மடித்து அடித்ததா, கேஸ் வெல்டிங் வைத்ததா என்று சொல்லிவிடுவாய். வாளின் வாயில் இருக்கிற பற்களைப் பார்த்து இது சண்டை கண்டது, இது காணாதது என்பாய். அந்த விரலோடு நீ போய்விட்டாய். இப்போது யார் சொல்வது?

சார்தான் சொல்கிறார். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு கார்டு எழுதி வைத்திருக்கிறார். போன வாரம் கலைவாணி என்னை அழைத்துக்கொண்டுபோய்க் காட்டினாள். நான் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வந்தேன். பிறை மாதிரி வளைந்து, வாய் அகலமாக ஒரு கத்தி இருக்குமே, அதன் கீழே “எதிரியின் கழுத்தை நோக்கி வீசப்படும் போர்க்கத்தி” என்று எழுதியிருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

“சார், இது சண்டைக் கத்தி இல்லீங்க. பாளை சீவறது. பனமரம் ஏறுறவங்க இடுப்புல சொருவிக்கினு போவாங்களே, அதுங்க,” என்றேன்.

சார் நல்ல மனுஷர்தான். சின்னக் குழந்தைக்குச் சொல்கிற மாதிரி, படங்களை வைத்து ஒப்பிட்டுத்தான் எழுதியிருப்பதாகச் சொல்லி, “நீங்க உக்காருங்க பாட்டிம்மா, டீ வருது,” என்றார்.

“டீ வேணாங்க. நீங்க படத்தைப் பாத்துச் சொல்றீங்க. நான் மரத்துல மனுஷனைப் பாத்துச் சொல்றேன்.”

கலைவாணி என் கையைக் கிள்ளினாள். நான் அசையவில்லை. பொருள்களோடு அங்கே போயிருந்த உன் டைரியை எடுக்கச் சொன்னேன். அந்தக் கத்திக்கு நேராக, விக்கிரவாண்டிக்கு மேற்கே பனந்தோப்பு வீடு, இரண்டு சொம்பு பதநீர் குடித்தேன் என்று நீயே எழுதியிருக்கிறாய். சார் அதைப் படித்தார். இன்னொரு தரம் படித்தார். பிறகு சிரித்துவிட்டு அந்தக் கார்டைக் கிழித்தார். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? பேத்தி முன்னால் வேறு.

அந்தப் பெருமை கால் மணி நேரம்கூட நிற்கவில்லை, அண்ணா. கிழித்த கையோடு அவர் என்னை நடுப்பெட்டிக்கு அழைத்துப்போனார். உன் வாள். பட்டுத்துணி விரித்து, தனி விளக்குப் போட்டு, பெரிய கார்டு: “செஞ்சிக் கோட்டைக் காலத்துப் போர்வாள், அரச முத்திரையுடன்.” விழா அழைப்பிதழிலும் அந்த வாள் படம்தான்.

“இவ்ளோ தெரிஞ்சு வச்சிருக்கீங்களே, இந்த வாளைப் பத்தி ஏதாவது சொல்லுங்க,” என்று கேட்டார்.

“தெரியாதுங்க,” என்றேன்.

பொய். நான் சொன்ன அந்தப் பொய்தான் இந்தக் கடிதத்தையே எழுத வைக்கிறது.

மண்டகப்பட்டுக்குப் போகிற வழியில் ஒரு வீட்டிலிருந்து அதை நீ வேட்டியில் சுற்றிக் கொண்டுவந்த நாள் நினைவிருக்கிறதா? உன் சிநேகிதர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்தாய். கைப்பிடிக்கு ஒரு சாண் மேலே, வாளின் நடுவில், பித்தளைப் பொட்டு ஒன்று. அதில் ஒரு பூ. “பாத்தியா கன்னி, ராஜா முத்திரை,” என்றாய். உன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

எனக்கோ பார்த்ததுமே தெரிந்துவிட்டது. உன் வீட்டுக்கே நான் திரும்பி வருவதற்கு முன்னால், கெடாரில் வாழப்போன வீட்டுக்கு அடுத்தது கொல்லுப் பட்டறை. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவுக்கு அந்த ஆச்சாரிதான் வாள் அடித்துக் கொடுப்பார். எதில் அடிப்பார்? லாரிப் பட்டையில். சக்கரத்துக்கு மேலே அடுக்கடுக்காக வளைந்திருக்குமே, அந்த இரும்பு. எல்லாப் பட்டையையும் சேர்த்துப் போல்ட் போட நடுவில் ஒரு ஓட்டை இருக்கும். வாள் அடித்து முடித்ததும் அந்த ஓட்டையில் பித்தளைத் துண்டை வைத்துத் தட்டி அடைத்து, உளியால் ஒரு பூ கீறிவிடுவார். எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். “ஓட்டையோட குடுத்தா அம்மன் கோச்சுக்கும்மா,” என்றார். அவர் கீறுகிற பூவுக்கு எப்போதும் ஐந்து இதழ், அதில் ஒன்று சின்னது. உன் ராஜ முத்திரைக்கும் அதே ஐந்து இதழ், அதே சின்ன இதழ்.

நான் சொல்லாமல் இல்லை. “அண்ணா, இது லாரிப் பட்டை மாதிரி இருக்குதே,” என்று மெதுவாகத்தான் ஆரம்பித்தேன்.

“அஞ்சாங்கிளாஸ் படிச்சிட்டு வாளைப் பத்தி எனக்கு நீ சொல்றியா? போ, போய்க் களி கிண்டு.”

உன் சிநேகிதர்கள் சிரித்தார்கள். நான் உள்ளே போய்க் கேப்பைக் களிதான் கிண்டினேன். என்னை அஞ்சாவதோடு நிறுத்தியது எதற்கு, அண்ணா? உன்னை மேலே படிக்க வைக்கத்தானே? இரண்டு பேருக்கும் நோட்டு வாங்க முடியாது என்று அம்மா சொன்னபோது, நானே என் பலகையை எடுத்துப் பரண்மேல் வைத்தேன். அது உனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த வார்த்தையைச் சொன்னாய்.

அன்றையிலிருந்து நான் வாயைத் திறக்கவில்லை. அண்ணன் மனசு நோகக்கூடாது என்று தங்கச்சி பொறுத்துக்கொண்டாள் என்று இதைப் படிக்கிறவர்கள் நினைக்கலாம். அதெல்லாம் இல்லை. வீம்பு. வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் நீ அந்த வாளைக் காட்டி ராஜா கதை சொல்லும்போது, நான் பின்னால் நின்று வயிற்றுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். ஏமாறு, நன்றாக ஏமாறு என்று. இருபது வருஷம் அப்படிச் சிரித்தேன்.

கடைசியில் நீ படுக்கையில் கிடந்தபோது அந்த வாளைக் கொண்டுவந்து பக்கத்தில் வைக்கச் சொன்னாய். நான்தான் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தேன். அப்போது சிரிப்பு வரவில்லை. சொல்லவும் வாய் வரவில்லை. நீ என்னிடம் ஒரே ஒரு தரம் கேட்டிருக்கலாம். புதுச்சேரிக் கடைக்காரரைக் கேட்டாய், ரிட்டையர் ஆன வாத்தியாரைக் கேட்டாய், பேன்ட் போட்டுக்கொண்டு வந்த எல்லாரையும் கேட்டாய். பட்டறைக்குப் பக்கத்து வீட்டில் வாழ்ந்தவளைக் கேட்கத் தோன்றவில்லையா உனக்கு?

திங்கட்கிழமை கலைவாணிக்குச் சொல்லாமல் நான் மட்டும் பஸ் ஏறி விழுப்புரம் போனேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி நின்றபோது இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். போய்ச் சொல்லிவிட்டேன். பட்டறை, பட்டை, ஓட்டை, பூ, எல்லாம்.

சார் பெட்டியைத் திறந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பித்தளைப் பொட்டைச் சுற்றி நகத்தால் தடவினார். பின்பக்கம் திருப்பினார். பொட்டு அந்தப் பக்கமும் இருந்தது. ஓட்டை என்றால் இரண்டு பக்கமும் இருக்கத்தானே செய்யும்? நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அழைப்பிதழ் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது என்றார். அப்படியே இருக்கட்டுமே, யாருக்குத் தெரியப்போகிறது என்றார். நான் முறைத்ததும், சரி, அப்படியானால் அதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுங்கள், பழம்பொருள் அல்லாதது இங்கே எதற்கு என்றார்.

“பொய்யும் எழுதக்கூடாது, வாளும் வெளிய வரக்கூடாதுங்க,” என்றேன்.

“பாட்டிம்மா, பேஜாரு பண்றீங்க. அப்புறம் என்னதான் எழுதச் சொல்றீங்க?”

“கோயில் வாள், கெடார் ஆச்சாரி அடிச்சது, சேத்தவரு இதைச் செஞ்சி வாள்னு நெனச்சிக்கினு இருந்தாருன்னு எழுதுங்க.”

“தப்பா நினைச்சாருன்னு எங்கயாவது கார்டு எழுதுவாங்களா?”

“ஏங்க, படிச்சவங்க கழுத்து வெட்டற கத்தின்னு எழுதுனீங்களே. அதை நீங்க கிழிச்சிட்டீங்க. எங்கண்ணனுக்குக் கிழிச்சிப் போட நேரமில்ல, போய்ட்டாரு.”

அவர் பெட்டியை மூடினார். பிரின்சிபாலைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். இன்றைக்குப் புதன். இன்னும் சேதி இல்லை. கலைவாணிக்கு விஷயம் தெரிந்து, மானத்தை வாங்கிவிட்டாய் ஆயா என்று இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. பெரிய தாத்தா பெயரை நான்தான் கெடுத்துவிட்டேனாம். கெடுத்துவிட்டேனா, அண்ணா? உன் ஈட்டி நிஜம், பட்டாக்கத்தி நிஜம், உன் கண்ணும் நிஜம். ஒன்றில் ஏமாந்தாய். அதை மறைத்தால் மற்றதையும் சந்தேகப்பட மாட்டார்களா? இதை அவளுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று தெரியவில்லை. உனக்கே நான் சொல்லவில்லையே.

வெள்ளிக்கிழமை போவேன். கார்டில் என்ன எழுதியிருந்தாலும் சரி, அந்தப் பெட்டி பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருவேன். வந்து நிற்கிற ஒவ்வொருவரிடமும் மூன்று விஷயம் சொல்வேன். இது செஞ்சி வாள் இல்லை. எங்கள் அண்ணன் அப்படி நம்பினார். எனக்குத் தெரிந்தும் நான் அவரிடம் சொல்லவில்லை.

மூன்றாவதைச் சொல்லாமல் விடமாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

உன் கூடப்பிறந்த தங்கச்சி,
கன்னியம்மா
திண்டிவனம்