முன்வரிசையில் என் இடம்

மார்ச் 3
குக்கர் விசிலடித்தது. அடுத்த நொடி மேஜைக்கு அடியில் இருந்தேன். எப்படிப் போனேன்? அக்கா குனிந்து, "என்னடி தேடுற?" என்றாள். "கம்மல் திருகாணி" என்றேன். காதில் கம்மலே இல்லை.

மார்ச் 5
ஆஸ்பத்திரி லாண்டரியில் பதினோரு வருஷம் துவைத்தேன். வேலையைக் காண்ட்ராக்டுக்கு விட்டுவிட்டு நாற்பது பேரையும் ஒரே நாளில் வெளியே அனுப்பினார்கள். கேட் முன்னால் சும்மா உட்கார்ந்தோம். கல் எடுக்கவில்லை, கெட்ட வார்த்தை பேசவில்லை. அதற்கே ஒரு காவலாளி விசில் ஊதிக்கொண்டே என் முடியைப் பிடித்து இழுத்துப்போனான். மூன்று மாதமாகிறது. தலைக்காயம் ஆறிவிட்டது. காது ஆறவில்லை.
20ஆம் தேதி மறுபடி உட்காரப்போகிறோம். எனக்கு முன்வரிசை வேண்டும். அவன் முகத்துக்கு நேரே.

மார்ச் 9
எக்ஸ்ரே அக்கா, ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் வேலை செய்துகொண்டே எங்களோடு நிற்பவள், தினமும் காலையில் யூனியன் அறையில் எங்களைக் கண்மூடி உட்காரவைக்கிறாள். மூச்சைப் பத்து வரை எண்ண வேண்டும். மனம் சிதறினால் மறுபடி ஒன்று. நான் நான்கைத் தாண்டியதில்லை. கடைசியில், அடித்தவரும் நன்றாக இருக்கட்டும் என்று மனதுக்குள் சொல்ல வேண்டுமாம்.
"நான் சொல்ல மாட்டேன்."
"சொல்லாத. ஆனா உட்காரு."

மார்ச் 12
20ஆம் தேதிக்கு ஒத்திகை. பாதிப்பேர் உட்கார, மீதிப்பேர் காவலாளிகளாக நடித்து இழுக்க வேண்டும். எங்களுக்குத் துணையாக வரும் ஆம்புலன்ஸ் டிரைவர் விசில் ஊதி என் முடியில் கை வைத்தார். கடித்துவிட்டேன். பல் பதிய. பாவம், எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத மனுஷன்.
ஒத்திகையில் திருப்பித் தாக்கினால் முன்வரிசை கிடையாது. பின்னால் தண்ணீர் கொடுக்கலாம். அதுதான் எங்கள் விதி.

மார்ச் 13
அடிபட்டவளும் நான், பின்னால் நிற்பவளும் நானா? எந்த ஊர் நியாயம் இது? போக மாட்டேன், போங்க!

மார்ச் 14
போனேன்.
"கண்ணை மூடி உட்காரும்போது என் பின்னாடி நின்னு விசில் ஊதுங்கண்ணே."
டிரைவர் கட்டுப்போட்ட கையைக் காட்டினார். "தூரமா நின்னு ஊதுறேம்மா."
முதல் விசிலுக்கு எழுந்து ஓடினேன். இரண்டாவதற்கு அழுதேன். எக்ஸ்ரே அக்கா தேற்றவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக எண்ணினாள்.

மார்ச் 18
விசில். ஒன்பது வரை போனேன்!

மார்ச் 19
டிரைவர் முடியை இழுத்தார். கை மடியிலேயே இருந்தது. வாயும் மூடியிருந்தது. முன்வரிசை எனக்கு.

மார்ச் 20
அதே காவலாளி. அதே விசில். எழுந்து ஓடத் தோன்றியது, பொய் சொல்ல மாட்டேன். எண்ணினேன். முடியைப் பிடித்தான். கண்ணுக்கு நேரே பார்த்தேன்.
"உங்க யூனிபார்மையும் நான்தான் துவைச்சேன். இழுங்க. நாளைக்கும் வருவேன்."
பிடி தளர்ந்தது. வேறு இரண்டு பேர் என்னைத் தூக்கிப்போய் ரோட்டோரம் வைத்தார்கள். நடந்து திரும்பி வந்து உட்கார்ந்தேன். மூன்று தடவை.
அவன் நன்றாக இருக்கட்டும் என்று இன்னும் சொல்லவில்லை. என்ன அவசரம்?

ஏப்ரல் 27
இருபது பேரை மட்டும் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்கிறார்களாம். நாற்பது பேரும் சேர்ந்துதான் உள்ளே வருவோம் என்று சொல்லிவிட்டோம். ஆஸ்பத்திரிச் சமையல்கட்டுப் பெண்களும் எங்களோடு உட்கார வந்துவிட்டார்கள்.
ஒத்திகையில் இப்போது விசில் ஊதுவது நான். இன்று புதிதாக வந்தவள் என் கையைக் கடித்துவிட்டு, "நான் தண்ணி குடுக்கத்தான் லாயக்கு" என்று அழுதாள்.
"காலையில வா" என்றேன். "தூரமா நின்னு ஊதுறேன்."