பிரானெல் கோட்டையின் திட்டிவாசல் சாவியைத் திருப்பித் தரக் கோருதல்

அனுப்புநர்:
எலுனெட் ப்ராஸர்,
கோட்டையடி வீடு,
பான்ட்கோக் கிராமம், வேல்ஸ்.

பெறுநர்:
மண்டல அலுவலர் அவர்கள்,
தொன்மைச் சின்னங்கள் பராமரிப்புத் துறை.

பொருள்: மலைக்கோட்டையின் தானியங்கிப் பூட்டு குறித்த புகாரும், பழைய சாவி குறித்த வேண்டுகோளும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கோட்டைச் சாவிகள் என் வீட்டு ஆணியில்தான் தொங்கின. பார்க்க வருகிறவர்கள் என் கதவைத் தட்டி வாங்கிப் போவார்கள். திருப்பித் தரும்போது தேநீர் குடித்துவிட்டுப் போவார்கள். என் கணவர் காலமான பிறகு என் கதவைத் தட்டியவர்கள் அவர்கள் மட்டுமே. மறைப்பானேன், இப்போது வீடு வெறிச்சென்று இருக்கிறது.

2. கோட்டை விழுந்த கதையையும் நானே சொல்வேன். இங்கிலாந்து மன்னரின் கல்லெறி பொறிகளுக்குப் பணிந்ததாகத் தங்கள் புதிய பலகை சொல்கிறது. அந்தக் கற்கள் பாதி மலைகூட ஏறவில்லை. ஒன்று இன்றும் என் தோட்டத்தில் கிடக்கிறது, கோழிகள் ஏறி நிற்கின்றன. ஏழு வாரம் தாக்குப்பிடித்த தளபதி, கீழே முற்றுகைப் படையின் பாளையத்தில் ஆட்டுக்கறி வெந்த வாசனை தாங்காமல் தானே கதவைத் திறந்தார் என்பதே எங்கள் ஊர் வரலாறு.

3. சென்ற மாதம் என்னிடமிருந்து சாவிகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு தாங்கள் பொருத்திய பூட்டு மாலை நான்கு மணிக்குத் தானாக மூடிக்கொள்கிறது. உள்ளே சிக்கியவர் கைப்பேசியில் அழைத்தால் திறக்குமாம். மலைமேல் சிக்னல் கிடைக்காது என்பது அங்கே மேயும் ஆடுகளுக்கும் தெரியும். கார்டிஃப் நகரிலிருந்து வந்து உள்ளே சிக்கிய புதுமணத் தம்பதி சுவரேறிக் குதித்ததில் மாப்பிள்ளையின் கால்சட்டை கிழிந்தது.

4. இது குறித்த என் முதல் புகாரை விசாரிக்கத் தங்கள் உதவியாளர் திரு. ஹக்ஸ்டேபிள் கடந்த வியாழனன்று வந்தார். பூட்டில் குறையே இல்லை என்று உள்ளே நின்று அவர் எழுதிக்கொண்டிருந்தபோதே மணி நான்கு ஆனது. ஐந்தரைக்கும் அவருடைய கார் என் வாசலிலேயே நிற்கவே, மேலே ஏறிப் போனேன். கம்பிக்கு அப்பால் மழையில் நனைந்தபடி, "அம்மா, பழைய சாவி ஒண்ணு இன்னும் உங்ககிட்ட இருக்குன்னு ஊர்ல சொன்னாங்க" என்றார். எல்லாச் சாவிகளையும் ஒப்படைத்ததாக நான் கையொப்பமிட்டிருப்பதை நினைவூட்டினேன். "நான் எதையும் பார்க்கலைங்க, திறந்துவிடுங்க" என்றார். பெரிய கதவுக்குப் பக்கத்திலுள்ள சிறு கதவான திட்டிவாசலின் சாவியை மட்டும் ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். திறந்துவிட்டேன்.

5. என் அடுப்பருகே உடையைக் காயவைத்து, பழரொட்டி மூன்று துண்டு சாப்பிட்டுத் தெம்பு வந்ததும், விதிப்படி அந்தச் சாவியைப் பறிமுதல் செய்து ரசீதும் எழுதிக் கொடுத்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. இருந்தும் நான்காவது துண்டைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தனுப்பினேன்.

ஆகவே, அந்த ஒரு சாவியை என் பொறுப்பிலேயே விட ஆணையிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். ரசீதின் நகல் இணைக்கப்பட்டுள்ளது.

வரும் இருபதாம் தேதி தாங்களே நேரில் கோட்டையைப் பார்வையிட வருவதாக அறிகிறேன். அன்றும் பூட்டு நான்கு மணிக்கே மூடும். தேநீர் நாலரைக்குத் தயாராக இருக்கும். சாவி இருக்குமா என்பது தங்கள் கையில்.

இடம்: பான்ட்கோக்
நாள்: 6 மே

கோட்டையடியிலிருந்து,
(ஒப்பம்)
எலுனெட் ப்ராஸர்