களைக்கு ஊற்றிய மீன் அமிலம்

அன்புள்ள சாமுவேல் அண்ணனுக்கும், அதற்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கும் சிறை ஐயாவுக்கும் ஷாரோனின் வணக்கம்.

இங்கே எல்லோரும் நலம். உன் மண்டைத் தையல் ஆறிவிட்டதா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

கீரை நன்றாக இருக்கிறது. கம்பெனியை விட்டுவிட்டு, மருந்தே அடிக்காமல் கீரை போடப்போகிறேன் என்று நீ கொல்லையைக் குத்தகைக்குப் பிடித்தபோது அப்பா தலையில் அடித்துக்கொண்டார். இப்போது அவரே மீன் கடையில் செவுளும் குடலும் கேட்டு வாங்கி, வெல்லம் போட்டு ஊறவைத்து, பயிருக்கு உரமாக மீன் அமிலம் செய்கிறார். வாழைநாரில் கீரை கட்டும்போது பாட்டு வேறு. ஷிப்டுக்குப் போன காலத்தில் நீ சிரித்து நான் பார்த்ததில்லை. கொல்லைக்குப் போனபிறகுதான் உனக்குப் பல் இருப்பதே தெரிந்தது.

அந்தப் பல்லில் ஒன்றைத்தான் பக்கத்துக் கொல்லை ஏகாம்பரம் உடைத்தார்.

மண்வெட்டிக் காம்போடு வந்து, "என் களைக்கொல்லி கேன்ல இன்னாத்தடா ஊத்தின? வரப்புல புல்லு இடுப்பு ஒசரம் நிக்குது!" என்று கத்தினார். "நான் இல்லண்ணா" என்றாய். நம்பவில்லை. மண்டையில் ஒன்று, வாயில் ஒன்று. நீ கீரை அறுக்கும் அறுவாளை அவர் தோளில் இறக்கினாய். எலும்பு தெரிந்தது. அரைக்கீரை, சிறுகீரை என்று பிரித்து விற்ற நமக்கு அன்று எல்லாமே செங்கீரை.

சிறை ஐயா, இதை நீங்களும் படிக்கலாம். ஊற்றியது நான்.

ஏகாம்பரம் அடித்த களைக்கொல்லி காற்றில் வந்து நம் பாத்தியைக் கருக்கியது. நீ சாப்பிடாமல் படுத்தாய். அன்றைக்கே அவர் கேனில் இருந்ததைக் கொட்டிவிட்டு, நம் மீன் அமிலத்தை நிரப்பிவிட்டேன். "புது மருந்து வாசமா கீதே" என்று மெச்சிக்கொண்டே களைக்கு விருந்து வைத்தார். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

நேற்று அவர் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அறைய வலது கையை ஓங்கினார். இடுப்புக்கு மேல் எழவில்லை. இடது கையால் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு, "போம்மா. உங்க நைனா கிட்ட சொல்லிடாத, உன்ன அடிச்சிடப் போறாரு" என்றார்.

ஜெயிலை விட்டு வெளியே வந்ததும் அவருடைய இன்னொரு கையையும் எடுப்பேன் என்று, பார்க்க வந்த அம்மாவிடம் சொன்னாயாம். அந்தக் கையால்தான் அவர் இப்போது சோறு தின்கிறார்.

திங்கட்கிழமை ஜாமீன் கிடைத்தால் நேரே வீட்டுக்கு வா. அடித்தே தீரவேண்டும் என்றால் நான் இருக்கிறேன். ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி இரண்டு கன்னமும் காட்டுகிறேன். அறுவாள் போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறது. புதுசு வாங்காதே அண்ணா. கீரையைக் கையாலேயே கிள்ளிக்கொள்ளலாம்.

உன் வால் தங்கை,
ஷாரோன்