ஆரஞ்சுச் சட்டை

இராமநாதபுரம்,
வியாழக்கிழமை

அன்புள்ள மச்சானுக்கு,

மாரிச்செல்வி எழுதுவது. நானும் நம் மகள் பானுவும் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். ஆறு நாளாக உங்கள் போன் அணைந்தே கிடக்கிறது. கடலுக்கு நடுவே எண்ணெய்க் கிணற்றில் வேலை, சிக்னல் இருக்காது என்று உங்கள் கூட்டாளி கபீர் அண்ணன் சமாதானம் சொல்கிறார். லீவு முடிந்து அவர் நாளை கத்தாருக்கு விமானம் ஏறுகிறார். அவர் கையில்தான் இந்தக் கடிதம்.

பானுவின் காதணி விழா பேனரை எங்கள் பிளக்ஸ் கடையில் நானே செய்கிறேன். நிறச் சக்கரத்தில் ஆரஞ்சுக்கு நேர் எதிரே நீலம். எதிரெதிர் நிறங்களைப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் பளிச்சென்று எழும் என்று டிசைன் வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். ஆரஞ்சு மிட்டாய் என்று நான் கேலி செய்வேனே, அந்தச் சட்டை போட்ட உங்கள் படத்தை எடுத்து, பின்னால் நீலம் கொடுத்தேன். அழகாக இருந்தீர்கள். மேல் வரிசையில் வழக்கம்போல் இறந்தவர்கள். உங்கள் அய்யாவையும் என் அம்மாவையும் கருப்பு வெள்ளையாக்கி, பூவும் விளக்கும் வைத்திருக்கிறேன்.

உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். போன மாதம் அக்காள்மடத்திலிருந்து ஒரு கல்யாண பேனர் வேலை வந்தது. பெண்ணின் அண்ணன் வீரமணியின் படம் மட்டும் என் திரையில் சாம்பலாக இருந்தது. இறந்துவிட்டவர் என்று நினைத்து, மேல் வரிசையில் வைத்துப் பூப் போட்டுவிட்டேன். வீட்டார் கடைக்கு வந்து சத்தம் போட்டார்கள். 'உசுரோட இருக்க மனுசனுக்கு ஏம்மா பூ வச்ச?' என்று முதலாளி ஹமீது பாய் கடிந்துகொண்டார். அவர்கள் அனுப்பிய படத்தைத் தன் போனில் திறந்து காட்டினார். பச்சைச் சட்டை, வெற்றிலை போட்டுச் சிவந்த உதடு. நான்காம் நாள் வீரமணி போன வள்ளம் கவிழ்ந்தது. கண்ணீர் அஞ்சலிக்கும் அதே படத்தைத்தான் அனுப்பினார்கள். என் திரையில் அது சாம்பலாகவே இருந்ததால், நான் அதில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

நேற்று நம் பேனரைத் திறந்தேன். பானுவின் பாவாடை சிவப்பு, பின்னணி நீலம், உங்கள் சட்டை சாம்பல். வெளுத்த படத்துக்கு நிறத்தின் அழுத்தத்தைக் கூட்டினால் போதும், உயிர் வந்துவிடும். முழுதாகக் கூட்டினேன். பாவாடை எரிவது போல் ஆயிற்று, நீலம் கண்ணைக் குத்தியது. உங்கள் முகத்தில் மட்டும் ஒன்றும் ஏறவில்லை. ஹமீது பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன். 'ஆரஞ்சு நல்லாத்தானம்மா இருக்கு' என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் இருக்கைக்குப் போய்விட்டார். பயமாக இருக்கிறது மச்சான்.

ஞாயிற்றுக்கிழமை பேனர் அச்சுக்குப் போக வேண்டும். உங்கள் இடத்தை வெறும் நீலமாக விட்டிருக்கிறேன். மேல் வரிசையில் இன்னும் ஒருவருக்கு இடம் இருந்தது. அதைப் பூவாலேயே அடைத்துவிட்டேன்.

கடிதம் கிடைத்ததும் கபீர் அண்ணன் போனிலாவது ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். எந்தச் சட்டையானாலும் சரி, அழுக்கானாலும் சரி.

பானு உங்களை வரைந்து நிறம் பூசி, மடித்து என் கையில் கொடுத்தாள். ஆரஞ்சு பூசினேன் என்றாள். நான் பிரித்துப் பார்க்கவில்லை. மடித்தபடியே இதில் வைத்திருக்கிறேன். நீங்கள் பிரித்துப் பாருங்கள்.

ராமநாதசாமி உங்களைக் கரை சேர்க்கட்டும்.

உங்கள்
மாரிச்செல்வி