வெயிலுக்குத் தாங்கும் கட்டு

என் மலரே,

விடியற்காலையில் இன்னும் என் கை உன் காலைத் தேடுகிறது. பாதி உறக்கத்தில், விரலிடுக்கிலிருந்து முழங்கால் வரை கட்டுத்துணியைச் சுற்றிக்கொண்டே போகிறேன். கனவில் உன் கால் மெலிந்திருக்கிறது, கல்யாணத்தன்று மெட்டி போட்டுவிட்ட அதே கால். ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையில் சங்கு ஊதுகிறது. விழித்துப் பார்த்தால் நீ இல்லை.

நேற்று பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் நடந்த ஒரு கூட்டத்துக்குப் போய்வந்தேன். உன் கால் வீக்கத்தை டாக்டர்கள் நிணநீர் வீக்கம் என்பார்களே, அதற்கு இனி எதை முதலில் ஆராய வேண்டும் என்று நோயாளிகளையும் வீட்டாரையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். நம்மிடம் யார் இப்படிக் கேட்டிருக்கிறார்கள்? உன் இடத்தில் நான் உட்கார்ந்தேன்.

சுவரில் கேள்விகளை எழுதி ஒட்டியிருந்தார்கள். ஆபரேஷனில் தீருமா, மாத்திரை உண்டா, அடிக்கடி வரும் காய்ச்சலைத் தடுப்பது எப்படி... ஆளுக்கு ஒரு பொட்டு கொடுத்து, எது முக்கியமோ அதில் ஒட்டச் சொன்னார்கள். நான் வீட்டிலேயே முடிவு செய்துகொண்டுதான் போயிருந்தேன். காய்ச்சல். உன் காலில் சிவந்து ஏறி, ரத்தத்தில் கலந்து, உன்னைக் கொண்டுபோன காய்ச்சல். வேறு எதில் ஒட்டுவேன்?

பக்கத்தில் அரும்பாவூர்ப் பெண் ஒருத்தி, தேன்மொழி. களையெடுக்க, காட்டு வேலைக்குப் போகிறவள். உனக்கு வந்தது போலவே இடது காலில் வீக்கம். கட்டு இல்லாமல் வந்திருந்தாள். ஏம்மா கட்டவில்லை என்று கேட்டேன்.

"இந்த வெயில்ல எப்படிங்கண்ணே கட்டுறது? உள்ள வெந்து போவுது. டாக்டருங்க திட்டுவாங்கன்னு, கட்டுறேன்னே சொல்லிருவேன்."

அந்த ஹாலே எனக்கு மங்கிப்போனது. சித்திரை மதியம். நீ கட்டை அவிழ்த்துப் போட்டுவிட்டு ஈரத்தரையில் காலை நீட்டியிருக்கிறாய். "இன்னிக்கு ஒரு நாளு வுடு மாமா, அரிப்புல உசுரு போவுது" என்கிறாய். அந்தக் கோடை முழுக்க அப்படித்தான் கழிந்தது. வீங்கி வெடித்த தோல் வழியாகத்தானே அந்தக் காய்ச்சல் உள்ளே வந்தது?

தேன்மொழியைச் சொல்லச் சொன்னேன். கூச்சப்பட்டாள். நானே எழுந்தேன்.

"மேடம், நம்ம ஊரு வெயில்ல நாள் முழுக்கக் கட்டியிருக்குற மாதிரி ஒரு கட்டு செய்ய முடியுங்களா? அந்தக் கேள்வி செவுத்துல இல்லைங்களே."

கூட்டத்தை நடத்திய டாக்டரம்மா பேனாவை எடுத்தார். அதைப் புதுத் தாளில் எழுதி ஒட்டினார். என் பொட்டை அதில் வைத்தேன். தேன்மொழியும் வைத்தாள்.

முடிவில் காய்ச்சல்தான் முதலில் வந்தது, நம்முடையது அதற்கடுத்து. எனக்கு வருத்தமில்லை. இரண்டும் உன்னுடையவைதானே.

அரியலூர் பஸ்ஸில் கண்ணயர்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே வெடித்த பருத்தியெல்லாம் மிதந்து போயிற்று. அதன் நடுவே நீ செருப்புப் போட்டுக்கொண்டு, வேகமாக, திரும்பிப் பார்க்காமல் நடந்தாய்.

பதில் வர வருஷங்கள் ஆகுமாம். புதுத் துணி வந்தால் கட்டிப் பார்க்க வீக்கம் இல்லாதவர்களும் வேண்டும் என்றார்கள். பெயர் கொடுத்துவிட்டேன். உனக்கு எத்தனையோ வருஷம் கட்டிவிட்டேன்; ஒரு நாளும் என் காலில் கட்டிப் பார்த்ததில்லை. அந்தத் துணி எந்த வருஷம் வந்தாலும், அந்தச் சித்திரையில், உச்சி வெயிலில் கட்டிக்கொண்டு நடப்பேன் மலரு. பொறுக்க முடியவில்லை என்றால், பொறுக்க முடியவில்லை என்றே டாக்டர்களிடம் சொல்வேன்.

உன் மாமன்
முருகேசன்