மணிக்கூட்டில் சார்ஜ் நிற்கவில்லை

ஆகஸ்ட் 4, திங்கள்

கச்சான் காற்று, மேற்கிலிருந்து. வாசலெல்லாம் மணல். கூட்டக் கூட்ட மணல்.

சுபஹுத் தொழுகைக்குப் பிறகு கடற்கரை. ஓட்டம், அரை மணித்தியாலம். நடை என்று வீட்டில் சொல்வது, ஓட்டம் என்று இங்கே எழுதுவது. எங்கள் ஊர் கல்முனைக்குடி இன்னும் நித்திரை. கரைவலைக்காரர் மட்டும் முழிப்பு. "ராத்தா, இண்டைக்கு லேட்டு," என்றான் ஒருவன், சொந்த அக்காவிடம் போல. நல்ல பிள்ளைகள்.

கட்டார் பார்ஸல் உடைத்தாயிற்று. றி.வா. அனுப்பிய, கையில் கட்டும் புது மணிக்கூடு, நல்ல சாமானாம். (றிஸ்னாட வாப்பா, என் புருஷன், கட்டாரில் வேலை. முழுப் பெயரை எழுத இன்னும் கை கூசுகிறது, மகளுக்குக் கல்யாண வயது வரப்போகிறது.) இதற்குள்ளேயே சிம் போடலாம். போனைத் தூக்கிக்கொண்டு ஓடத் தேவையில்லை. நான் நிற்கும் இடம் அங்கே அவர் போனில் ஒரு புள்ளியாகத் தெரியும். எங்கள் ஒப்பந்தமே அதுதான், புள்ளி தெரிந்தால் கடற்கரை, தெரியாவிட்டால் வீடு.

பழையது பரீதா மச்சியின் மகளுக்குப் போய்விட்டது. மச்சி றி.வா.வின் தங்கச்சி. ஒரு கிழமை, ஏழு நாளும் சார்ஜ் நின்ற மணிக்கூடு. கொஞ்சம் மனவருத்தம். புதுசு வந்த சந்தோஷத்தில் கொடுத்துவிட்டேன்.

கிளினிக்கில் சோதித்ததில் இரத்தச் சீனி குறைந்திருக்கிறது. டொக்டர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "என்ன செய்றீங்க?" "ஓடுறன்." "ஓடுங்க, ஓடுங்க." அவர் கணக்குச் சீனி. என் கணக்கு வேறு. அந்த அரை மணித்தியாலத்தில்தான் என்னை ஒருவரும் கூப்பிடுவதில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

காற்றில்லை. கடல் குளம் போல.

பாதி வழியில் மணிக்கூடு செத்தது. முகம் கறுப்பு. தட்டினேன், ஊதினேன், ஒன்றும் இல்லை. நேற்றுப் படுக்கும்போது சார்ஜ் நூறு. சரி போகட்டும் என்று மிச்சத்தையும் ஓடினேன். அது பிழை.

திரும்பும்போது எதிரே மோட்டார் சைக்கிள். பரீதா மச்சியைக் கட்டிய மாப்பிள்ளை, பனியனும் இடுப்புச் சாறனும், மணலில் உருட்டிக்கொண்டு.

"தங்கச்சி, என்ன நடந்த? கட்டார்ல இரிந்து மச்சான் அழாத குறை. புள்ளி அப்பிடியே நிண்டு போச்சாம்."

"வோச்தான் நிண்ட. நான் நிக்கல்ல," என்றேன்.

வலை இழுத்தவர்கள் கயிற்றைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்கள். "ராத்தா ஒவ்வொரு நாளும் ஓடுறவங்கதானே, அவங்களுக்கு என்ன ஆகப்போகுது," என்றான் அந்தப் பிள்ளை. எனக்கு உதவி செய்வதாக நினைத்து. மாப்பிள்ளையின் முகம் சுருங்கியது. ஒவ்வொரு நாளுமா, ஓட்டமா.

பகலாகுமுன் எங்கள் தெரு, ஒழுங்கை முழுக்கக் கதை. நான் கடலில் பாயப் போனேனாம். பின் ஒழுங்கையில் இருக்கும் ராத்தா வந்து சிரித்தாள். "பாயிறவள் கால்ல சப்பாத்துப் போட்டுக்கிட்டா போவாள்?" நானும் சிரித்தேன். பிறகு குசினிக்குள் போய், அடுப்படியில் அழுகை.

மத்தியானம் சூரை மீன், பிலாக்கொட்டை. உப்புக் கூடிவிட்டது.

ஆகஸ்ட் 7, வியாழன்

மணிக்கூட்டில் அணைத்தவை: வெளிச்சம். நெஞ்சுத் துடிப்பு. நித்திரைக் கணக்கு. வட்ஸ்அப். கடைசியாகப் பாங்கு நேரம், மனமில்லாமல். பள்ளிவாசல் பக்கத்தில்தானே, அல்லாஹ் மன்னிப்பான்.

இனி அணைக்க நான்தான் மிச்சம்.

போன் கடை. புதுச் சாமானாம், கொஞ்ச நாள் பழக வேண்டுமாம். மாட்டுக்கன்றா பழகுவதற்கு. சார்ஜர் வயர் ஒன்றை விற்றுவிட்டான்.

ஆகஸ்ட் 9, சனி

திரும்பவும் செத்தது. இந்த முறை எங்கள் ஒழுங்கை முனையில், வீடு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில். ஓடி வந்து போனை எடுக்குமுன் அவருடைய மிஸ்ட் கோல் நிறைய. நமக்கு விடியும் நேரம் அங்கே நடுச்சாமம். நித்திரை முழித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஏசவில்லை. ஏசினால் நானும் ஏசலாம். மெதுவாகச் சொன்னார். "இன்னொருக்கா நிண்டா விட்டுரு புள்ள. வளவுக்குள்ள நட."

வளவு. வேலிக்குள் கிணறு, தென்னை, கோழிக்கூடு. மூன்று சுற்றில் தலை சுற்றும்.

சொல்ல ஆள் இல்லாததால் இங்கே எழுதுகிறேன். எனக்கு அந்தக் கடற்கரை வேண்டும். வேறொன்றும் நான் இதுவரை கேட்டதில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நூறில் படுத்தேன். எழும்பும்போது பாதிக்கும் கீழே. இரவு முழுக்கக் கையைக் கூட அசைக்கவில்லை, யார் குடித்தது இதை?

போனேன், ஆனால் வழமையாகத் திரும்பும் வள்ளங்கள் வரைக்கும் போகவில்லை. இரண்டு அடிக்கு ஒருதரம் கையைப் பார்ப்பது. முப்பது, இருபத்தெட்டு, இருபத்தைந்து. சூரியன் எழும்பியதா, கடல் எப்படிக் கிடந்தது, ஒன்றும் ஞாபகமில்லை. பயத்தில் திரும்பிவிட்டேன். பைப்படியில் கால் கழுவினேன். கழுவ மணலும் அதிகம் இல்லை.

மச்சியிடம் பழையதைத் திருப்பிக் கேட்போமா? கேட்டால் அது ஒரு கதை. வேண்டாம்.

இன்னொன்று. மணிக்கூட்டின் மூலையில் ஒரு பச்சைப் பொட்டு விட்டுவிட்டு எரிகிறது. அது இடம் தேடும்போது எரிவது. தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறேன், எரிகிறது. கோழிக்கு அரிசி போடுகிறேன், எரிகிறது. நிற்கிற இடத்தில் நிற்கிறவளுக்கு என்ன இடம் தேடுது, முசீபத்துப் பிடிச்ச சாமான்.

ஆகஸ்ட் 13, புதன்

இப்போதுதான் விளங்கியது.

பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு றி.வா. கோல் எடுத்தார். அரிசி புடைத்துக்கொண்டே கதைத்தேன்.

"எங்க நிக்காய்?"

"வீட்டதான்."

பச்சைப் பொட்டு எரிந்தது. அப்போது யோசிக்கவில்லை. கறிவேப்பிலை ஒரு கொத்து வேண்டும் என்று, போனைக் காதில் வைத்தபடி பின் ஒழுங்கை ராத்தாவின் வளவுக்குப் போனேன். நான் சொல்லவில்லை. ராத்தாவும் வீட்டில் இல்லை, ஒரு குரலும் இல்லை. பொட்டு எரிந்தது.

"ராத்தாட வீட்ட என்னத்துக்குப் போறாய்?" என்றார்.

கறிவேப்பிலை மரத்தடியில் அப்படியே நின்றேன். "சும்மா," என்றேன். திரும்பி வீட்டுக்கு வந்தேன். பொட்டு எரிந்தது. "ஆ, வந்துட்டாய்," என்றார், சாதாரணமாக.

மணிக்கூட்டில் பழுதில்லை. அவர் பார்க்கும்போதெல்லாம் அது எழும்பி என்னைத் தேடிச் சொல்கிறது. நான் சமைக்கும்போது, தொழும்போது, நித்திரையில். நாளெல்லாம் பார்த்துக் குடித்துவிட்டு, விடியற்காலையில் ஏன் நின்றது என்று என்னையே கேட்கிறார்.

மணிக்கூட்டைக் கழற்றிக் கிணற்றில் எறியலாம் போல. எறியவில்லை. சோறு ஆக்கினேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

புழுக்கம். றிஸ்னாவுக்குக் காய்ச்சல், டியூஷன் இல்லை.

ஜும்மாவுக்குப் பிறகு நானே கோல் எடுத்தேன். இரண்டு நாளாக மனதில் ஓட்டிப் பார்த்த பேச்சு, தலைப்பெல்லாம் போட்டு.

"மச்சான், சார்ஜக் குடிக்கிற நீங்கதான்."

ரூமை விட்டு வெளியே வரும் சத்தம், கதவு சாத்தும் சத்தம். பிறகு சொன்னார். "உன்ன சந்தேகப்பட்டுப் பாக்கல்ல புள்ள, அல்லாஹ்வுக்குத் தெரியும். ரூம்ல எட்டுப் பேரு. ஆரோட என்னத்தக் கதைக்கிற? டியூட்டி முடிஞ்சா கட்டில்ல படுத்துக்கிட்டு அந்தப் புள்ளியத்தான் பாப்பன். நீ குசினிக்குள்ள நிப்பாய், கிணத்தடிக்குப் போவாய். நானும் வீட்ட நிக்கிற மாதிரி இரிக்கும்."

என் பேச்சு முழுக்கக் கரைந்துவிட்டது. எட்டுப் பேர். ஒரு கட்டில். ஒரு புள்ளி.

"அப்ப நான் ஓடுற நேரம் மட்டும் பாருங்களன். சார்ஜ் நிக்கும்."

"அந்த நேரந்தான் நெஞ்சு கிடந்து அடிக்கிற. பரீதாவும் ஒவ்வொண்டு சொல்றா. கொஞ்ச நாளைக்கு விடு. லீவுல வந்தா ரெண்டு பேரும் போவம்."

லீவு. போன பெருநாளுக்கு வருவதாக இருந்த லீவு.

"சரி," என்றேன். கோபத்தில் இல்லை, பாவமாக இருந்தது. ஊரை விட்டுக் கிடக்கிற மனிசன், பார்க்க நானாவது இருக்கட்டும்.

சப்பாத்தைக் கழுவி, மணல் தட்டி, அலுமாரிக்கு மேலே.

ஆகஸ்ட் 16, சனி

விடியற்காலையில் வழமை போல முழிப்பு. போக இடமில்லை. படுத்தே கிடந்தேன். கடல் சத்தம் கேட்டது. இவ்வளவு நாளும் படுக்கையில் கிடந்து அதைக் கேட்டதில்லை.

மணிக்கூட்டை நிறையச் சார்ஜ் போட்டுக் கட்டிக்கொண்டேன். அவருக்காக. சட்டைக் கைக்கு வெளியே தெரியும்படி. தேவையில்லாமல் இரண்டு தரம் கிணற்றடிக்குப் போனேன். பார்க்கட்டும் என்று. சின்னப் பிள்ளை வேலை, ஆனால் கொஞ்சம் சந்தோஷம்.

பொட்டு எரியவில்லை. டியூட்டியாக இருக்கும்.

ஆகஸ்ட் 18, திங்கள்

இன்றும் எரியவில்லை. நேற்றும். நான் காணாமல் எரிந்திருக்குமோ என்றால், சார்ஜ் இறங்கவே இல்லை.

பழுதாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படி இருக்க வேண்டும் என்றும் நினைத்தேன். றிஸ்னாவின் போனில் அவர் பார்க்கிற அதே 'அப்'பைப் போட்டு என்னைத் தேடச் சொன்னேன். உடனே எரிந்தது. "இந்தா உம்மா, உங்கட புள்ளி," என்றாள். நடு வீட்டில் ஒரு நீலப் புள்ளி. அசையாமல்.

சீனி மாத்திரை முடியப்போகிறது. வாங்க வேண்டும்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ராத்தா கேட்டாள். "என்ன, கடற்கரைப் பக்கம் காணல்ல எண்டு வலைக்காரப் பொடியன் விசாரிச்சானாம்."

அவனாவது விசாரித்தானே.

குசினிக்குள் நிற்பேன், கிணற்றடிக்குப் போவேன் என்று சொன்னார். நிற்கிறேன், போகிறேன். முன்பைவிடக் கூடவே நிற்கிறேன். கடற்கரைக்குப் போகிறவளைத்தான் அவ்வளவு நாளும் தேடியிருக்கிறார். வீட்டில் இருக்கிறவளைத் தேட ஒன்றும் இல்லை. நான்தான் பைத்தியக்காரி, அந்த எட்டுப் பேர் ரூமுக்காகப் பாவப்பட்டவள்.

அழுகையும் வரவில்லை இன்றைக்கு.

ஆகஸ்ட் 21, வியாழன்

திரும்பவும் காற்று. வாசல் கூட்டவில்லை. கூட்டி என்ன.

போன சனி போட்ட சார்ஜ். இன்னும் முக்கால்வாசிக்கு மேல் நிற்கிறது.

றி.வா. கோல். றிஸ்னாவின் காய்ச்சல், வீட்டுக் கரண்ட் பில், மச்சியின் மகளுக்கு வந்த சம்பந்தம். கடைசியில், வைக்கப் போகுமுன், ஞாபகம் வந்தவர் போல:

"வோச் இப்ப எப்பிடி, சார்ஜ் நிக்கிதா?"

"ஓம் மச்சான். நல்லா நிக்கிது."

"நான் சொன்னன்தானே," என்றார் சந்தோஷமாக, "நல்ல சாமான் எண்டு."